அப்பாவின் லாக் புக்

அப்பா எழுதி வைத்திருந்த எண்கள் பொய் என்பது இரண்டாவது பக்கத்தைத் திருப்பும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

நீல அட்டை போட்ட நீள நோட்டு அது. ஆலையின் பாய்லர் அறையில் மேசை மேல் கிடக்குமே, அதே வகை. அப்பா ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு தேதி, நேரம், மேல், கீழ், நாடி, குறிப்பு என்று ஆறு கட்டம் பிரித்திருந்தார். காலை 6.30, இரவு 9.00. முதல் பத்து நாட்களின் எண்கள் இரத்த அழுத்தம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தன. 158/94. 149/90. 163/97. ஒருநாள் காலை 141, அன்றிரவே 160. அடுத்த பக்கத்திலிருந்து 128/78, 130/80, 128/80, 130/78. குறிப்புக் கட்டத்தில் ஒவ்வொரு நாளும் 'நார்மல்'.

நான் பினாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இயந்திரங்களின் அளவுகளைப் பார்த்துப் பிழைப்பு நடத்துகிறவன். இராத்திரி ஷிஃப்டில் நான்கு மணிக்கு ஒருமுறை போய் வெப்பநிலை பார்த்து எழுதவேண்டிய பையன், ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் உட்கார்ந்து பன்னிரண்டு மணி நேரத்தையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டுப் போனால் எனக்குத் தெரியும். பேனா மை ஒரே மாதிரி இருக்கும். எழுத்து ஒரே சாய்வாக இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதன் யோசித்து எழுதும் எண்கள் ரொம்ப ஒழுக்கமாக இருக்கும். நிஜ எண்களுக்கு அந்த ஒழுக்கம் கிடையாது.

மேசையிலேயே பிரஷர் மெஷின் இருந்தது. நான் வாங்கிக் கொடுத்ததுதான். அப்பா அதில் தேதியைக்கூடச் சரிசெய்யவில்லை. ஆனால் பழைய அளவுகளை அது தானாகவே நினைவில் வைத்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியாது. பட்டனை அழுத்தினேன். 151/93. இன்னொரு முறை. 156/95. இன்னொரு முறை. 148/91. பின்னுக்குப் போகப் போக எங்குமே 128 இல்லை.

நோட்டை மூடி அதே இடத்தில் வைத்தேன். அது விசாக தின விடுமுறை. இரண்டு நாளுக்கு முன்புதான் கிளினிக்கில் டாக்டர் இந்த நோட்டைப் பார்த்து "பாகுஸ், பாக்சிக்" என்று சொல்லி, மாத்திரையின் அளவை ஏற்றாமல் அப்படியே விட்டிருந்தார்.

*

அப்பாவுக்கு 58 வயது. ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் பாய்லர்மேன். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. நார், மட்டை, ஓடு என்று பழத்தின் மிச்சத்தையே எரித்து நீராவி எடுப்பார்கள். அந்த நீராவிதான் பழத்தை வேகவைக்கும், டர்பைனைச் சுற்றும், ஆலைக்கே மின்சாரம் கொடுக்கும். சின்ன வயதில் ஒருமுறை என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய், பிரஷர் கேஜில் இருக்கும் சிவப்புக் கோட்டைக் காட்டினார். "முள்ளு இதத் தாண்டக்கூடாது. தாண்டுச்சுன்னா அப்பா வேல சரியா செய்யலன்னு அர்த்தம்." நான் பொறியியல் படிக்கப் போனதற்கு அந்தக் கோடு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அப்பாவின் காலம் முழுக்க நடப்பில் இருந்த 1967ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டப்படி, ஒரு பாய்லரின் தகுதிச் சான்றிதழ் 15 மாதத்துக்குத்தான் செல்லும். அதற்குள் ஜே.கே.கே.பி. அதிகாரி வந்து பார்த்துப் புதுப்பிக்கவேண்டும். அதிகாரி வருவதற்கு முன்பே பாய்லரை நிறுத்தி, ஆறவைத்து, தண்ணீரை வடித்து, மேன்ஹோலைத் திறந்து, உள்ளே ஆள் இறங்கிச் சுரண்டிச் சுத்தம் செய்யவேண்டும். அந்த நாட்களில் அப்பா வீட்டுக்கு வரும்போது காது மடலுக்குப் பின்னால்கூடச் சாம்பல் இருக்கும். ஆனால் குஷியாக இருப்பார். குழாயில் எங்கே படிவு ஏறியிருக்கிறது, எந்த வெல்டிங் இன்னும் ஒரு வருடம் தாங்கும் என்றெல்லாம் சாப்பாட்டு மேசையில் அம்மாவிடம் சொல்லுவார். அம்மா 'ம்' கொட்டுவார்.

பாய்லர் சர்டிஃபிகேட் ஆலைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும். முப்பது வருடத்தில் ஒரு தவணையும் தவறியதில்லை என்று அப்பா பெருமையாகச் சொல்லுவார். அதே முப்பது வருடத்தில் அவர் தன் இரத்தத்தை ஒருமுறைகூடப் பரிசோதித்ததில்லை.

இந்த ஒப்பீட்டை நான் பலமுறை அவரிடமே சொல்லியிருக்கிறேன். எனக்கு அது ரொம்பப் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. அவருக்கு அது எரிச்சலை மட்டும்தான் கொடுத்தது. "நான் என்ன இரும்பா?" என்று ஒருமுறை கேட்டார். இப்போது யோசித்தால் அவர் கேட்டதுதான் சரி. பாய்லரைத் திறந்து பார்க்கும்போது பாய்லர் பயப்படுவதில்லை.

*

தாத்தா 1991இல் இறந்தார். அப்போது அவருக்கு 49. தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலை. காலையில் நெஞ்சுக்குள் ஏதோ அடைப்பதுபோல் இருக்கிறது என்றாராம். காத்து பிடித்திருக்கும் என்று பாட்டி கோடாலித் தைலம் தேய்த்துவிட்டு, இஞ்சி தட்டிப் போட்டுத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். ஒரு ஏப்பம் வந்ததாம். சரியாகிவிட்டது என்று தாத்தாவே சொல்லியிருக்கிறார். மத்தியானம் முடிந்துவிட்டது. அப்பாவுக்கு அப்போது 25.

நம் ஊரில் எத்தனை ஆண்கள் இந்தக் 'காத்து' என்ற சொல்லோடு போயிருப்பார்கள் என்று தெரியவில்லை. மாரடைப்பின் வலி சினிமாவில் காட்டுவதுபோல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிற வலியாகத்தான் வரவேண்டும் என்பதில்லை. மேல்வயிற்றில் அழுத்தலாம். தாடைக்கும் இடது கைக்கும் இழுக்கலாம். வெறும் வியர்வையும் மூச்சு வாங்கலுமாக முடியலாம். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் போகலாம். பி. ரம்லி மாரடைப்பில் இறந்தபோது 44 வயது என்று படித்தபோது, எனக்கு அவருடைய படங்கள் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. தாத்தா ஞாபகம்தான் வந்தது.

அப்பாவின் 49ஆவது வயது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. 2015. நான் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம். அந்த வருடம் அப்பா திடீரென்று அம்மாவுக்கு ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கக் கற்றுக்கொடுத்தார். தண்ணீர் பில், விளக்கு பில் எல்லாவற்றையும் அம்மாவையே போஸ்ட் ஆபீசுக்கு அனுப்பிக் கட்ட வைத்தார். இ.பி.எஃப்.பில் வாரிசு பெயரைச் சரிபார்த்தார். கார் கடனை அடைத்தார். எங்களுக்கு அது ஏதோ நல்ல மாற்றம் மாதிரி தெரிந்தது. அம்மாகூட, "உங்கப்பாவுக்கு இப்பதான் பொறுப்பு வந்திருக்கு" என்று சிரித்தார். 50ஆவது பிறந்தநாளன்று அப்பா எங்களைத் தெலுக் இந்தான் கூட்டிப்போய்ப் பெரிய கடையில் சாப்பாடு வாங்கிக்கொடுத்தார். வழக்கமாகப் பிறந்தநாள் எல்லாம் கொண்டாடுகிற ஆள் இல்லை.

ஒரு வருடம் முழுக்க அந்த மனிதர் சாவுக்குத் தயாராகியிருக்கிறார். அந்த வருடத்தில் ஒரு நாள் காலை கிளினிக்குக்குப் போய் ஒரு வெள்ளி கட்டி நம்பர் எடுத்திருக்கலாம். போகவில்லை.

அறியாமை என்று இதைச் சொல்ல என்னால் முடியவில்லை. அப்பாவுக்கு எல்லாம் தெரியும். வானொலியில் டாக்டர் பேசினால் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்பார். பக்கத்து வீட்டு மாமாவுக்குப் 'பிரஷர் இருக்கும், போய்ப் பாருங்க' என்று புத்தி சொல்லுவார். 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு என்று நான் சொன்னபோது, "அது தெரிஞ்சதுதானே" என்றார். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வயது சராசரியாக 53, மற்ற நாட்டினருக்கு ஏறக்குறைய 59 என்று 2007இல் வெளிவந்த ஆய்வையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நான் லேட்டு" என்றார்.

அலமாரியில் ஒரு கோப்பு உண்டு. எங்கள் பிறப்புப் பத்திரம், வீட்டுக் கிராண்ட், அப்பாவின் பாய்லர் லைசன்ஸ் எல்லாம் அதில்தான். நான் ஒருமுறை எதையோ தேடப்போய், நாற்பது தாண்டிய தொழிலாளர்களுக்கு பெர்கேசோ கொடுக்கும் இலவசப் பரிசோதனைக் கடிதத்தைப் பார்த்தேன். கிழிக்காத வவுச்சர். தேதி எப்போதோ முடிந்திருந்தது. தூக்கிப் போடாமல் பத்திரமாக வைத்திருந்தார். அதற்குப் பக்கத்தில், முதல் போனஸ் வந்த வருடம் நான் அவருக்கு வாங்கிக்கொடுத்த தனியார் மருத்துவமனையின் 'ஆண்கள் பேக்கேஜ்' கூப்பன். அதுவும் காலாவதி. (அந்தப் பேக்கேஜ்கள் பற்றித் தனியாகவே எழுதலாம். புற்றுநோய் மார்க்கர் அது இது என்று முப்பது பரிசோதனைகளை அடுக்கி, ஆரஞ்சு ஜூஸும் சாண்ட்விச்சும் கொடுத்து அனுப்புவார்கள். இதயத்தைப் பொறுத்தவரை அதில் உருப்படியானவை நாலைந்துதான். அவை அத்தனையும் அரசாங்கக் கிளினிக்கிலேயே உண்டு.)

ஏன் போகவில்லை என்று ஒருநாள் அழுத்திக் கேட்டபோது சொன்னார். கூட வேலை செய்த ஒருவருக்கு பிரஷர் அதிகம் என்று தெரிந்ததும், பாய்லர் வேலையிலிருந்து எடுத்து ரேம்பில் போட்டுவிட்டார்களாம். லாரியிலிருந்து பழம் இறக்குகிற இடம். ஓவர்டைம் போச்சு, ஷிஃப்ட் அலவன்ஸ் போச்சு. "அன்ஃபிட்னு ஒரு வார்த்த எழுதிட்டா போதும்டா. நீ அப்ப படிச்சிட்டு இருந்த." அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. என் நான்கு வருடப் படிப்பு அவருடைய ஓவர்டைமில் நடந்தது. அதில் பாதி, அவர் தன் பிரஷர் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளாமல் இருந்ததால் நடந்திருக்கலாம். அன்றைக்கு நான் புள்ளிவிவரம் எதுவும் எடுத்து விடவில்லை.

*

இந்த வருடத் தைப்பூசத்துக்கு பினாங்கு வந்திருந்தார்கள். தண்ணீர்மலைப் படி ஏறும்போது அப்பா மூன்று இடத்தில் நின்றார். ஒவ்வொரு முறையும் போனை எடுத்துப் படம் பிடிப்பதுபோல் திரும்பிக்கொண்டார். கூட்டத்தில் நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரவில் அம்மாவுக்குப் படங்களை அனுப்பலாம் என்று அப்பாவின் போனைத் திறந்தால், அதில் அன்றைக்கு எடுத்தவை மூன்றே படங்கள். மூன்றிலும் தெளிவில்லாத தலைகள். யாரோ ஒருவருடைய முதுகு. கொஞ்சம் படி.

அம்மாவிடம் காட்டினேன். அம்மா என்னைப்போல விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. நேராகப் போய், "உங்கப்பா மாதிரி என்ன விட்டுட்டுப் போயிடாதீங்க" என்றார். எங்கள் வீட்டில் தாத்தாவின் சாவை அப்படி வாய்விட்டு யாரும் சொன்னதில்லை. அப்பா டிவியைப் பார்த்துக்கொண்டே, "ஆஃப் டேல போலாம். லீவு எல்லாம் எடுக்க மாட்டேன்" என்றார்.

கிளினிக் கெசிஹாத்தானில் காலை ஏழரைக்கெல்லாம் நாற்காலி நிரம்பிவிட்டது. பெரும்பாலும் பெண்கள். இருந்த ஆண்களில் பலர் மனைவியோ மகளோ பிடித்துக்கொண்டு வந்தவர்கள் மாதிரிதான் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் பேகா பி40 போஸ்டர். 2019இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது 50 வயதுக்கு மேல் என்று வைத்திருந்தார்கள், அடுத்த வருடமே 40க்கு இறக்கினார்கள். வசதி குறைந்த குடும்பங்களுக்கு இலவசப் பரிசோதனை. வேலை செய்கிறவருக்கு பெர்கேசோ, செய்யாதவருக்கு இது, யாராக இருந்தாலும் ஒரு வெள்ளிக்கு இந்தக் கிளினிக். கதவுகள் இத்தனை திறந்துதான் இருக்கின்றன.

டாக்டர் சீனப் பெண். என் வயதுதான் இருக்கும். "பாக்சிக், ரோக்கோக்?" என்று கேட்டார். அப்பா "சுடா பெர்ஹெந்தி" என்றார். புகைப்பதை நிறுத்திவிட்டாராம். எனக்குத் தெரிந்து ஷிஃப்டுக்கு இரண்டு இன்னும் உண்டு. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா என்னைப் பார்த்த பார்வையில் எனக்குப் பத்து வயதாகிவிட்டது.

பிரஷர் 172/98. இடுப்பு 101 சென்டிமீட்டர். நம்மைப் போன்ற ஆசிய ஆண்களுக்கு 90க்குள் இருக்கவேண்டும். இரத்தம் எடுத்தார்கள். அப்பா மூன்று நாட்களாக இனிப்பைத் தொடவில்லை, தே ஓ கோசோங்தான் குடித்தார். சோதனைக்கு முதல் நாள் விழுந்து விழுந்து படிக்கும் மாணவன் மாதிரி. காலையில் வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை சுமாராகத்தான் வந்தது. அப்பா கண்ணில் ஒரு வெற்றி. ஆனால் கூடவே எச்.பி.ஏ.ஒன்.சி. என்று ஒன்று எடுப்பார்கள். இரத்தத்தின் சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் உயிரோடிருக்கும். அவ்வளவு காலமும் இரத்தத்தில் ஓடுகிற சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக அவற்றில் ஒட்டிக்கொண்டே வரும். கடந்த இரண்டு மூன்று மாதம் எப்படி இருந்தோம் என்று அது சொல்லிவிடும். மூன்று நாள் விரதத்தை அது மதிப்பதில்லை. அப்பாவுக்கு 8.4 விழுக்காடு. 6.3க்கு மேல் போனாலே இனிப்புநீர் என்று நம் நாட்டில் கணக்கு.

டாக்டர் கணினியில் வயது, கொழுப்பு, பிரஷர், புகை என்று தட்டி, அடுத்த பத்து வருடத்தில் ஆபத்து எவ்வளவு என்று பார்த்தார். அந்தக் கணக்கின் பெயர் ஃப்ராமிங்ஹாம். 1948இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அந்தப் பெயருடைய ஊரில் 5,209 பேரைச் சேர்த்து, வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து, யாருக்கு மாரடைப்பு வருகிறது, அவர்களுக்கு முன்னாலேயே என்ன இருந்தது என்று எழுதி வைத்துக்கொண்டே வந்தார்கள். இரத்தக் கொதிப்பு, கொழுப்பு, புகை இவையெல்லாம் மாரடைப்புக்கு முன்கூட்டியே வரும் அடையாளங்கள் என்று இன்றைக்கு நாம் சாதாரணமாகச் சொல்வதில் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததுதான். ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்கள். அந்த ஊர் ஆட்களின் லாக் புக்கை வைத்துத்தான் ஊத்தான் மெலிந்தாங் பாய்லர்மேனுக்குக் கணக்குப் போடுகிறோம். எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஆனால் இனிப்புநீர், கொதிப்பு, புகை மூன்றும் சேர்ந்துவிட்ட ஆளுக்கு எந்த ஊர்க் கணக்கும் நல்ல சேதி சொல்லப்போவதில்லை.

ஈ.சி.ஜி. மட்டும் நார்மல். அப்பா வெளியே வந்ததும் அந்தத் தாளைத்தான் அம்மாவிடம் நீட்டினார்.

பிறகு காரில் அவரே ஆரம்பித்தார். ஆலையில் முன்பு இருந்த ஃபோர்மேன் மாமாவுக்கும் ஈ.சி.ஜி. நார்மல்தானாம். மூன்று வாரத்தில் போய்விட்டார். "அப்பறம் எதுக்கு இந்தச் செக்கப்பெல்லாம்?" நார்மல் என்று வந்த தாளைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்கிறார்.

நியாயமான கேள்விதான். எனக்கும் பதில் சொல்லக் கொஞ்ச நாள் ஆனது. படுத்துக்கொண்டு எடுக்கும் ஈ.சி.ஜி., இதயத்தின் மின்சாரத்தை அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் பார்க்கிறது. பழைய மாரடைப்பின் தழும்பு, துடிப்பின் ஒழுங்கின்மை, தசை தடித்திருப்பது இவற்றையெல்லாம் காட்டும். குழாய் பாதிக்குமேல் அடைத்திருந்தாலும், ஓய்வில் இருக்கும் இதயத்துக்கு வேண்டிய இரத்தம் அதன் வழியாகப் போய்விடும். தாள் நார்மல் என்றே வரும். தீயே போடாத பாய்லரின் கேஜைப் பார்ப்பது மாதிரி என்று அப்பாவிடம் சொன்னேன். இந்த முறை எரிச்சல்படவில்லை. "அப்ப தீயப் போட்டுப் பாக்கணும்" என்றார்.

அதைத்தான் பெரிய மருத்துவமனையில் டிரெட்மில்லில் ஏற்றிச் செய்கிறார்கள். படியில் மூச்சு வாங்கியதை அப்பா எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கிளினிக்கில் இரத்தம் எடுத்த எம்.ஏ.விடம் சொல்லியிருக்கிறார். பாய்லர் மேல்தட்டுக்கு ஏறும்போது நெஞ்சுக்குள் இறுக்குகிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்று. அந்தத் தகவலுக்காகத்தான் கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு மலாய்க்காரப் பையனிடம் சொல்ல முடிந்தது ஏன் எங்களிடம் முடியவில்லை என்று அம்மாவுக்கு இன்னும் வருத்தம்.

டிரெட்மில்லையும் முழுக்க நம்பிவிட முடியாது. இதயக் குழாயின் சுவரில் கொழுப்பு மேடு கட்டியிருக்கும். பாதிகூட அடைக்காத சின்ன மேடு ஒருநாள் வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, நிமிடங்களில் முழுசாக அடைத்துவிடலாம். நேற்றுவரை அந்த ஆள் டிரெட்மில்லில் நன்றாக ஓடியிருப்பார். ஃபோர்மேன் மாமாவுக்கு என்ன நடந்தது என்று தெரியாது, இப்படியும் நடந்திருக்கலாம். அதனால் எந்தவொரு பரிசோதனையையும் ஜே.கே.கே.பி. சான்றிதழ் மாதிரி சுவரில் மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. அந்த மேடு வளர்வதையும் வெடிப்பதையும் தள்ளிப்போடுவது பிரஷரையும் சர்க்கரையையும் எல்.டி.எல். கொழுப்பையும் வருடக்கணக்காக இறக்கி வைத்திருப்பதுதான். புகையை விடுவதும். கேட்பதற்குச் சலிப்பான வேலை. தினமும் பார்த்து, பார்த்ததை உள்ளபடியே எழுதி, எழுதியதை டாக்டர் நம்பி மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ செய்வது. அந்த இடத்தில்தான் அப்பா 128/78 என்று எழுதியிருந்தார்.

*

விசாகத்தன்று இரவு சாப்பிட்ட பிறகு மெஷினை எடுத்து வந்து பட்டனை அழுத்திக் காட்டினேன். ஒவ்வொன்றாக. எட்டு ஒன்பது எண்கள் போன பிறகு, "போதும்" என்றார்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் சொன்னார். "மொத தடவ நோட்டக் காட்டுனப்ப அந்த டாக்டர் பொண்ணு ஒண்ணும் சொல்லல. மூஞ்சி மட்டும் ஒரு மாதிரி ஆச்சு. நீ எஸ்.பி.எம். டிரையல்ல கணக்குல ஃபெயில் ஆகி வந்து நின்னப்ப டீச்சர் பாத்தாங்களே, அந்த மாதிரி. முப்பது வருசம் முள்ளு செவப்புக் கோட்டத் தாண்டாம வச்சிருந்தேன்டா. என் முள்ளு தாண்டுதுன்னு நானே எழுதணுமா?"

பாய்லரில் முள் தாண்டினால் அப்பா வேலை சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம். அவரேதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. உடம்பில் அப்படி இல்லை, இதில் யார்மேலும் தப்பில்லை, மாத்திரை போதவில்லை என்றுதான் அர்த்தம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "பாகுஸ்னு சொன்னுச்சு பாரு, அப்ப நல்லா இருந்துச்சு" என்றார். சிரித்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

அம்மா சமையலறையிலிருந்து, "அவனோடத மொதல்ல கேளுங்க" என்றார்.

கம்பெனியில் வருடாவருடம் பரிசோதனை உண்டு. அடையாளக் கார்டு எண்ணைப் போட்டால் திறக்கும் கோப்பாக அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பிவிடுவார்கள். எனக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அம்மாவிடம் ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னது. திறக்காததற்குக் காரணம் என்று ஒன்றுமே கிடையாது. வேலை பிஸி, சனிக்கிழமை பார்க்கலாம், அவ்வளவுதான். 28 வயதில் என்ன இருக்கப்போகிறது? தாத்தா 49, அப்பா 58 என்று கணக்கு வைத்திருந்த நான், அந்தக் கணக்கில் எனக்கும் ஒரு வரிசை இருக்கிறது என்று நினைக்கவே இல்லை. நெருங்கிய இரத்த உறவில் ஓர் ஆணுக்கு 55 வயதுக்குள் இதய நோய் வந்திருந்தால் கேட்கச் சொல்லிப் படிவத்திலேயே ஒரு கட்டம் இருக்கும். அப்பா பெயரை நினைத்து 'இல்லை' என்று டிக் போட்டிருக்கிறேன். தாத்தாவுக்கு அந்தக் கட்டத்தில் இடமில்லை.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து திறந்தேன். அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார். எல்.டி.எல். 4.4 என்பது சிவப்பு எழுத்தில் இருந்தது. 3க்குக் கீழ் இருக்கவேண்டியது. பிரஷர் 134/86.

"எத்தன மாசமா தொறக்கல?"

"அஞ்சு."

நோட்டை எடுத்துத் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "ராத்திரில மேகி சாப்பிடறத நிறுத்து" என்று மட்டும் சொன்னார்.

மறுவாரம் அம்மாவே மெஷினையும் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். டாக்டர் கோபப்படவில்லையாம். இப்படி எழுதிக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர் என்றாராம். மாத்திரை ஒன்று கூடியது.

*

ஜூலையில் டிரெட்மில். நெஞ்சு முடியை மழிக்கவேண்டும் என்றதும் அப்பா கொஞ்சம் தகராறு செய்தார். பத்து இடத்தில் ஒட்டி, வயரை இடுப்பில் கட்டிவிட்டார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். வயதை 220இலிருந்து கழித்து, அதில் 85 விழுக்காடு. அப்பாவுக்கு நிமிடத்துக்கு 138 துடிப்பு வரவேண்டும். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். அப்பா கைப்பிடியை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு, திரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். கேஜைப் பார்க்கும் அதே முகம். ஏழாவது நிமிடத்தில் கையைத் தூக்கினார். நிறுத்தினார்கள்.

வெளியே வந்து என்னிடம் தாளைக் கொடுத்தார். "பாசிட்டிவ்னு போட்டிருக்கு. பாசிட்டிவ்னா நல்லதுதானே?"

இல்லை என்று சொன்னேன். அடைப்பு இருக்கும் என்று நிச்சயமும் இல்லை, ஆஞ்சியோகிராம் செய்துதான் பார்க்கவேண்டும் என்றும் சொன்னேன். தலையை ஆட்டினார். "தொறந்து உள்ள எறங்கிப் பாப்பாங்க" என்றார். கையில் இருக்கும் இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு, சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள், அறுப்பதெல்லாம் இல்லை என்றேன். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "இவ்ளோ சின்ன மேன்ஹோலா?"

தேதி செப்டம்பரில் கொடுத்திருக்கிறார்கள். ஆலை மேனேஜரிடம் அவரே போய்ச் சொல்லிவிட்டார். என்ன சொன்னார்கள் என்று எங்களிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போதைக்கு மேல்தட்டு ஏறும் வேலையை உதவியாள் பையன் பார்க்கிறானாம். சிகரெட் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை, அம்மா கேட்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மெஷினின் திரையைப் படம் பிடித்து வாட்சப்பில் அனுப்புகிறார். தேதி இன்னும் ஜனவரி 1 என்றே காட்டுகிறது. நேற்று வந்ததில் 146/88. கீழே ஒரு குரல் பதிவு.

"இது நெசமான நம்பர்டா. ரெண்டு தடவ எடுத்தேன். மொத தடவ 157. ரெண்டயும் எழுதிட்டேன்."